2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: ‘வளர்ச்சி கூடிவிட்டது’ என்று செய்தி வந்தால் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

இந்தியாவின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அரசிதழ் அறிவிப்பு 2025 ஜூனில் வெளியானது. தலைகளை எண்ணுவதற்கான அடிப்படை நேரம் 2027 மார்ச் 1, நள்ளிரவு 12 மணி. பனி சூழ்ந்த சில மலைப் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. இதற்கு முன்பு நாடு எண்ணப்பட்டது 2011 மார்ச் 1-ஐ அடிப்படையாக வைத்து. ஆக, இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் 16 ஆண்டுகள்.

இந்தப் பதினாறைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் வரும்போது பலரும் தடுமாறப்போகிற இடம் அதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2011-ல் இந்தியாவின் மக்கள்தொகை 121.09 கோடி. 2027-ல் அது 145 கோடி என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காக எடுத்த எண், கணிப்பு இல்லை. அப்படி வந்தால் உயர்வு 19.7 சதவீதம். 2001-க்கும் 2011-க்கும் இடையே உயர்வு 17.7 சதவீதம். உடனே ஒரு தலைப்பு தயாராகிவிடும்: ‘மக்கள்தொகை வளர்ச்சி 17.7-லிருந்து 19.7 சதவீதமாகக் கூடியது’.

இரண்டு எண்களும் சரி. ஆனால் தலைப்பு தவறு. முதல் எண் 10 ஆண்டுக் கதை, இரண்டாவது 16 ஆண்டுக் கதை. ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் வளர்ச்சி கூடவில்லை, நன்றாகவே குறைந்திருக்கிறது. அந்தத் தராசுக்குப் பெயர் ‘வளர்ச்சி மாறிலி’. அதைக் கண்டுபிடிக்க உங்கள் போனில் உள்ள கால்குலேட்டரே போதும்.

பத்தால் வகுத்தால் போதாதா?

‘17.7 சதவீதத்தைப் பத்து வருஷத்துக்குப் பங்கு போட்டால் வருஷத்துக்கு 1.77. அவ்வளவுதானே?’ என்று தோன்றும். சரிபார்த்துவிடலாம். வருடம் 1.77 சதவீதம் வீதம் பத்து ஆண்டுகள் ஒரு தொகை வளர்ந்தால் கடைசியில் 19.2 சதவீதம் கூடியிருக்கும். 17.7 வராது.

காரணம், வட்டியும் குட்டி போடும். வங்கியில் போட்ட பணத்துக்கு முதல் வருடம் கிடைத்த வட்டி, அடுத்த வருடம் முதலோடு சேர்ந்து தானும் வட்டி வாங்கித் தருகிறது. மக்கள்தொகையும் இதே மாதிரிதான். இன்று பிறக்கும் குழந்தைகள் நாளைக்குப் பெற்றோர் ஆவார்கள். எவ்வளவு பேர் இருக்கிறார்களோ, அதற்கு ஏற்ற அளவில்தான் புதிதாகச் சேர்வதும் இருக்கும். இப்படி வளர்வதைத்தான் அடுக்கு வளர்ச்சி என்கிறோம்.

வங்கிக்கும் மக்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வங்கி மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ வருடத்துக்கு ஒரு முறையோ வட்டியைச் சேர்க்கும். குழந்தைகள் அப்படி நாள் குறித்துப் பிறப்பதில்லை. ஒவ்வொரு நிமிடமும் பிறப்பும் இறப்பும் நடந்துகொண்டே இருக்கின்றன. எனவே ஒவ்வொரு கணமும் வட்டி முதலோடு சேர்வதுபோல வைத்துக் கணக்குப் போட வேண்டும். அந்த வட்டி வீதம்தான் வளர்ச்சி மாறிலி.

மூன்றே படிகள்

உங்க போன் கால்குலேட்டரைத் திறந்து, போனைப் பக்கவாட்டில் திருப்புங்க. பெரும்பாலான போன்களில் கூடுதல் பொத்தான்கள் வரும். அவற்றில் ‘எல்என்’ என்று ஒன்று இருக்கும். பள்ளிப் பாடத்தில் இயற்கை மடக்கை என்று படித்ததுதான் இது. பயப்பட ஒன்றுமில்லை. ‘ஒரு தொகை இத்தனை மடங்காக வேண்டுமானால், கணத்துக்குக் கணம் சேரும் வட்டியாக மொத்தம் எவ்வளவு போட வேண்டும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொத்தான், அவ்வளவுதான்.

2001-ல் இந்தியாவின் மக்கள்தொகை 102.87 கோடி, 2011-ல் 121.09 கோடி.

படி 1: புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுக்கவும். 121.09 ÷ 102.87 = 1.1771. அதாவது 1.1771 மடங்கு ஆகியிருக்கிறது.

படி 2: அந்த மடங்குக்கு எல்என் போடவும். 0.1631 வரும்.

படி 3: இடைப்பட்ட ஆண்டுகளால் வகுக்கவும். 0.1631 ÷ 10 = 0.0163. சதவீதமாகச் சொன்னால் ஆண்டுக்கு 1.63.

இதன் பொருள் என்ன? அந்தப் பத்தாண்டில், 1,000 பேருக்கு வருடத்துக்கு சராசரியாக 16 பேர் வீதம் கூடிக்கொண்டிருந்தார்கள். பிறந்தவர்கள், இறந்தவர்கள், வந்தவர்கள், போனவர்கள் எல்லாம் கழித்துக் கூட்டியபின் மிஞ்சிய நிகர எண் இது.

இனி நம் கற்பனை 145 கோடிக்கு வருவோம். 145 ÷ 121.09 = 1.1975. எல்என் போட்டால் 0.1802. இந்த முறை 16-ஆல் வகுக்க வேண்டும்: 0.0113. ஆண்டுக்கு 1.13 சதவீதம். முந்தைய 1.63-ஐவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ‘கூடியது’ என்று வந்த தலைப்பு, ‘வெகுவாகக் குறைந்தது’ என்று மாற வேண்டும்.

ஒரு மாதம் தள்ளிப்போனாலும் கணக்கு மாறும்

16 ஆண்டு இடைவெளி என்பதால்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு மாத வித்தியாசம்கூட முடிவைத் திருப்பிப் போட்டிருக்கிறது.

1961 கணக்கெடுப்பின் அடிப்படை நாள் மார்ச் 1. 1971-ல் அது ஏப்ரல் 1. 1981-ல் மறுபடியும் மார்ச் 1. மக்கள்தொகை முறையே 43.92 கோடி, 54.82 கோடி, 68.33 கோடி. சதவீதத்தை மட்டும் பார்த்தால் முதல் பத்தாண்டில் 24.80, அடுத்ததில் 24.66. கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது.

ஆனால் முதல் இடைவெளி பத்து ஆண்டு ஒரு மாதம். இரண்டாவது பத்து ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு. அந்த மாதத்தையும் சேர்த்து மாறிலியைக் கணக்கிட்டால் முதலாவது 2.20 சதவீதம், இரண்டாவது 2.22 சதவீதம். குறைந்ததுபோலத் தெரிந்தது உண்மையில் சற்றே கூடியிருந்தது. கணக்கெடுப்புத் துறையின் அட்டவணைகளில் ‘சராசரி ஆண்டு அடுக்கு வளர்ச்சி விகிதம்’ என்று தனியாக ஒரு பத்தி இருப்பது இதற்காகத்தான். செய்தித்தாள் தலைப்புகளில் அந்தப் பத்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மாநிலங்களுக்கு இது ஏன் முக்கியம்?

மக்களவை இடங்களை மாநிலங்களுக்கு இடையே பங்கிடுவது 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைக்கப்பட்டது. 84-வது அரசியலமைப்புத் திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. எனவே வரப்போகும் எண்களை ஒவ்வொரு மாநிலமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்.

2001-லிருந்து 2011 வரை மூன்று மாநிலங்கள் எப்படி வளர்ந்தன என்று அதே மூன்று படிகளில் பார்க்கலாம்.

பிகார்: 8.30 கோடியிலிருந்து 10.41 கோடி. மாறிலி 2.27 சதவீதம்.

தமிழ்நாடு: 6.241 கோடியிலிருந்து 7.215 கோடி. மாறிலி 1.45 சதவீதம்.

கேரளா: 3.184 கோடியிலிருந்து 3.341 கோடி. மாறிலி 0.48 சதவீதம்.

இந்த எண்களை மனதில் பதிய வைக்க ஒரு சுலப வழி இருக்கிறது. 70-ஐ மாறிலிச் சதவீதத்தால் வகுத்தால், அதே வேகத்தில் போனால் இரண்டு மடங்காக எத்தனை ஆண்டு ஆகும் என்பது கிடைக்கும். (இரண்டின் எல்என் மதிப்பு 0.693. அதைத்தான் 70 சதவீதம் என்று வசதிக்கு முழுமையாக்குகிறோம்.) பிகாருக்கு சுமார் 31 ஆண்டு, தமிழ்நாட்டுக்கு 48 ஆண்டு, கேரளாவுக்கு 146 ஆண்டு. ‘அதே வேகத்தில் போனால்’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். இது ஜோசியம் இல்லை, அந்தப் பத்தாண்டின் வேகத்தைச் சொல்லும் ஒரு வழி.

மாறிலிக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம். பிகாரின் 2.27-இல் தமிழ்நாட்டின் 1.45-ஐக் கழித்தால் 0.82. ‘தமிழ்நாட்டைவிட பிகார் எத்தனை மடங்கு பெரியது’ என்ற விகிதம் ஆண்டுக்கு சுமார் 0.82 சதவீத வேகத்தில் வளர்ந்தது என்று அர்த்தம். 2001-ல் 1.33 மடங்காக இருந்தது 2011-ல் 1.44 மடங்கு ஆனது இதனால்தான். பங்கு பிரிக்கும்போது முக்கியமாவது இந்த வித்தியாசமே. இரு மாநிலங்களிலும் மாறிலி குறைந்துகொண்டே வந்தாலும், நடுவில் உள்ள வித்தியாசம் அப்படியே இருந்தால் இடைவெளி விரிந்துகொண்டுதான் போகும்.

ஓர் எச்சரிக்கை. மாநிலத்தின் மாறிலியை வைத்து ‘அங்கே குழந்தைகள் அதிகம்’, ‘இங்கே குறைவு’ என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது. வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகிறவர்களும் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறார்கள். பிகாரிலிருந்து திருப்பூருக்கு வந்து குடியேறிய ஒருவர், பிகாரின் மாறிலியைச் சற்றுக் குறைத்து, தமிழ்நாட்டின் மாறிலியைச் சற்றுக் கூட்டுகிறார்.

எண்ணியதில் தவறு இருந்தால் மாறிலி காட்டிக்கொடுக்குமா?

பல நேரம் காட்டிக்கொடுக்கும். நாகாலாந்தின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

1991-ல் அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 12.10 லட்சம். 2001-ல் 19.90 லட்சம். மூன்று படிகளைப் போட்டால் மாறிலி 4.98 சதவீதம். அதே காலத்தில் இந்தியா முழுமைக்கும் மாறிலி சுமார் 1.95. அதாவது நாட்டைப் போல இரண்டரை மடங்கு வேகம், 14 ஆண்டில் இரட்டிப்பாகும் வேகம். பிறப்பு இறப்பை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. இவ்வளவு பேர் வெளியிலிருந்து வந்து குடியேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணியதில் கோளாறு இருக்க வேண்டும். அந்த எண்களை மாநில அரசே ஏற்கவில்லை.

2011-ல் எண்ணியபோது 19.79 லட்சம்தான் இருந்தது. மாறிலி பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு மாநிலம் முதல் பத்தாண்டில் நாட்டிலேயே அசுர வேகத்தில் வளர்ந்து, அடுத்த பத்தாண்டில் போர், பஞ்சம் எதுவும் இல்லாமல் சுருங்கியது என்றால் நம்பக் கஷ்டம். நடுவில் உள்ள 2001-ஐ விட்டுவிட்டு, 1991-ஐயும் 2011-ஐயும் மட்டும் எடுத்து 20 ஆண்டுகளால் வகுத்துப் பாருங்க. 2.46 சதவீதம் வரும். இது நம்பக்கூடிய எண். கோளாறு எந்த ஆண்டில் என்பதை மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

மாறிலி எதிர்மறையானால்: கழுகுகளின் பாடம்

வளர்ச்சிக்கு மட்டுமில்லை, அழிவுக்கும் இதே மூன்று படிகள்தான். இந்தியாவில் இதற்கு வெண்முதுகுப் பாறு கழுகைவிட வேதனையான உதாரணம் கிடைக்காது.

ஒரு காலத்தில் செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் கூட்டமாக இறங்கிய பறவை இது. 1990-களின் தொடக்கத்தில் வாகனத்தில் சென்று கழுகுகளை எண்ணிய அதே சாலைகளில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2007-ல் மறுபடி எண்ணினார்கள். 1992-ல் 1,000 இருந்த இடத்தில் 1 என்ற அளவுக்கு வந்திருந்தது.

இந்தியாவில் மொத்தம் எத்தனை கழுகுகள் இருந்தன என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் படியில் நமக்கு வேண்டியது மடங்கு மட்டும்தான். ஒரே சாலை, ஒரே முறை என்று எண்ணினால், மொத்தக் கழுகுகளையும் எண்ணாமலேயே மாறிலியைக் கண்டுபிடித்துவிடலாம்.

மடங்கு ஆயிரத்தில் ஒன்று, அதாவது 0.001. எல்என் போட்டால் கழித்தல் 6.908. 15 ஆண்டுகளால் வகுத்தால் கழித்தல் 0.46. 0.693-ஐ 0.46-ஆல் வகுத்தால் 1.5. ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை பாதிப் பாதியாகக் குறைந்திருக்கிறது. சரிபார்க்கவும் முடியும்: 15 ஆண்டில் பத்து முறை பாதியானால் 1,024-ல் ஒன்றுதான் மிஞ்சும்.

‘99.9 சதவீதம் குறைந்தது, 15 ஆண்டு, ஆக வருஷத்துக்கு 6.7 சதவீதம்’ என்று சும்மா வகுத்திருந்தால் என்ன ஆகும்? உண்மையிலேயே வருடத்துக்கு 6.7 சதவீதம் மட்டும் குறைந்திருந்தால் 15 ஆண்டு கழித்தும் நூறில் 35 கழுகு மிஞ்சியிருக்கும். தவறான வகுத்தல் ஒரு பேரழிவைச் சாதாரணச் சரிவாகக் காட்டிவிடும்.

கால்நடைகளுக்கு வலி நிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்று 2004-ல் தெரியவந்தது. மருந்து போட்டபின் இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. அப்போது எழுந்த பெரிய கேள்வி, ‘இவ்வளவு வேகமான அழிவுக்கு எத்தனை மாடுகளின் உடலில் விஷம் இருந்திருக்க வேண்டும்?’ என்பது. சரிவின் வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஆய்வாளர்கள் சொன்ன விடை: நூறில் ஒன்றுகூட வேண்டாம், ஒரு சதவீதத்துக்கும் குறைவே போதும்.

எப்படி? கழுகு மூன்று நாளுக்கு ஒரு முறை சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு சுமார் 120 வேளை. இருநூறு மாட்டில் ஒன்றில் மட்டும் கொல்லும் அளவு மருந்து இருந்தாலும், அந்த 120 வேளையும் தப்பிப்பவை 55 சதவீதம்தான். மீதி 45 சதவீதம் அந்த வருடமே போய்விடும். கழுகு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். பிறப்பால் இந்த இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை.

கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா 2006-ல் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015-ல் அவற்றுக்கும் தடை வந்தது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்லோஃபினாக் இரண்டும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. சரிவின் வேகம் தணிந்தது. ஆனால் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆயிரத்தில் ஒன்றாகிவிட்ட பறவை, வருடம் ஒரு முட்டையை வைத்து மீண்டு வர நீண்ட காலம் வேண்டும்.

மாறிலி என்ற பெயர், மாறும் எண்

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெயர்தான் மாறிலி, நிஜத்தில் அது மாறும். இரண்டு கணக்குகளுக்கு நடுவில் வேகம் ஒரே சீராக இருந்தது என்று வைத்துத்தான் நாம் அதைக் கண்டுபிடிக்கிறோம்.

1911-ல் இந்தியாவின் மக்கள்தொகை 25.21 கோடி. 1921-ல் 25.13 கோடி. மாறிலி கழித்தல் 0.03 சதவீதம், கிட்டத்தட்ட பூஜ்யம். பார்த்தால் எதுவுமே நடக்காத அமைதியான பத்தாண்டு மாதிரி இருக்கும். உண்மையில் 1918-ன் இன்ஃபுளூயன்ஸா கொள்ளைநோய் சில மாதங்களில் கோடிக்கணக்கில் உயிர்களை வாங்கிய பத்தாண்டு அது. மற்ற ஆண்டுகளின் வளர்ச்சியும் அந்தச் சாவுகளும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டதால் சராசரியில் எதுவும் தெரியவில்லை. 2011-க்கும் 2027-க்கும் இடையிலும் ஒரு கொள்ளைநோய் இருக்கிறது. 16 ஆண்டுக்கு வரப்போகும் ஒரே மாறிலிக்குள் கோவிட் ஆண்டுகளும் கரைந்துதான் இருக்கும்.

அதனால் ஒரு மாறிலியோடு நிற்காமல் வரிசையாகப் பார்க்க வேண்டும். 1961-லிருந்து 2011 வரை ஐந்து பத்தாண்டுகளுக்கு இந்தியாவின் மாறிலி: 2.20, 2.22, 2.14, 1.95, 1.63. முதல் இரண்டு பத்தாண்டுகள் ஏறக்குறைய சீரான அடுக்கு வளர்ச்சி. அதன் பிறகு வளர்ச்சி வளைந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. 1961-71-ல் கூடியவர்கள் 10.9 கோடி, 2001-11-ல் கூடியவர்கள் 18.2 கோடி. தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நிலைமை மோசமானதாகத் தெரியும். மாறிலியைப் பார்த்தால்தான் வண்டி வேகம் குறைந்து வருவது புரியும்.

முடிவுகள் வரும் நாளில்

புதிய எண்கள் வெளியானதும் வாட்ஸ்அப்பிலும் மேடைகளிலும் விதவிதமான சதவீதங்கள் பறக்கும். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்.

எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? ஆண்டுகளைச் சொல்லாத சதவீதத்துக்கு மதிப்பில்லை.

ஆண்டு மாறிலி எவ்வளவு? அவர்கள் சொல்லவில்லை என்றால் நீங்களே வகுத்து, எல்என் போட்டு, 16-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இந்தியா முழுமைக்கும் ஒப்பிட வேண்டிய பழைய எண் 1.63. தமிழ்நாட்டுக்கு 1.45.

முந்தைய வரிசையோடு பொருந்துகிறதா? ஒரு மாவட்டமோ மாநிலமோ திடீரென்று எகிறினாலும் விழுந்தாலும், அதைக் கொண்டாடுவதற்கோ பழி சொல்வதற்கோ முன்னால், மக்கள் இடம்பெயர்ந்தார்களா, எல்லை மாறியதா, எண்ணியது சரியா என்று பாருங்கள்.